நாகர்கோவிலில் வாடகை வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாற்றலாகி வரும் அரசு ஊழியர்கள், மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் வேலை கிடைத்தவர்கள், பிள்ளையின் படிப்புக்காகக் குடும்பத்தோடு வருகிறவர்கள், திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே தங்க நினைப்பவர்கள் என யார் கேட்டாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்கள் கேட்ட சொல்லிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எல்லோரும் முதலில் கேட்பது வாடகையை. இந்த ஊரில் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரையும் கூரையையும்.

நாகர்கோவில்ல எந்தப் பக்கம் வீடு பாக்கலாம்?

தினமும் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊர் சிறியதுதான். ஆனால் காலை எட்டரை மணிக்கு வடசேரியிலிருந்து கோட்டாறு வரை ஊரைக் குறுக்கே கடந்து போகிறவருக்கு அது சிறிய ஊராகத் தெரியாது. திருவனந்தபுரம், மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்களுக்குப் பார்வதிபுரமும் வெட்டூர்ணிமடமும் வசதி. மருத்துவக் கல்லூரி என்றால் ஆசாரிப்பள்ளம், பொறியியல் கல்லூரி என்றால் கோணம். ஆரல்வாய்மொழி, காவல்கிணறு பக்கம் போகிறவர்கள் ஒழுகினசேரி, வடசேரி சுற்றுவட்டாரத்தில் தேடினால் ஊருக்குள் நுழையாமலே வெளியேறிவிடலாம்.

பேருந்து நிலையம் இரண்டு. வெளியூர்ப் பேருந்துகளுக்கு வடசேரி, டவுன் பஸ்ஸுக்கு மீனாட்சிபுரம் அண்ணா பேருந்து நிலையம். ரயில் நிலையமும் இரண்டு: கோட்டாறிலுள்ள ஜங்ஷன், இன்னொன்று டவுன். சில ரயில்கள் ஜங்ஷனுக்குள் வராமல் டவுன் வழியாகவே போய்விடும். வாராவாரம் ரயிலில் போகிறவர்கள் தங்கள் ரயில் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வீடு தேடுங்கள். இல்லாவிட்டால் விடிகாலை ஆட்டோச் செலவு மாத வாடகையோடு சேர்ந்துகொள்ளும்.

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் எடுத்தா கொள்ளாமா?

கொள்ளாம், அதாவது நல்லதுதான், வண்டி இருந்தால். நாகர்கோவிலில் தெருவை ஒட்டி வரிசையாக வீடுகள் இருக்கும். தக்கலையும் மார்த்தாண்டமும் இருக்கும் கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் வீடுகள் தனித்தனியாக, ஒவ்வொன்றும் தென்னையும் வாழையும் உள்ள தோட்டத்துக்கு நடுவே இருக்கும். அதே வாடகைக்குப் பெரிய வீடு, முற்றம், சொந்தக் கிணறு கிடைக்கலாம். ஆனால் மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் வழி செங்குத்தாக இருக்கும். மழையில் பாசி பிடித்தால் ஸ்கூட்டர் சறுக்கும்.

மேற்கே போகப் போக மழை கூடும். ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் கொசுவையும் கணக்கில் சேருங்கள். மழை மாதங்களில் பால் வெட்டு நின்றிருக்கும்போது மரத்தில் விட்ட, பால் பிடிக்கும் சிரட்டைகளில் தண்ணீர் தேங்கி, டெங்குவைப் பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும்.

எப்ப தேடுனா நல்ல வீடு கிடைக்கும்?

பள்ளிக்கூடம் ஜூனில் திறப்பதால் ஏப்ரல், மே மாதங்களில் அதிக வீடுகள் காலியாகும். தேடுகிறவர்களும் அப்போதுதான் அதிகம். ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாறமாட்டார்கள். அந்த மாதங்களில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகை பேச இடம் உண்டு. ஆடியிலேயே அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்துவிட்டு, ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக் குடியேறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

எங்களைக் கேட்டால் மழை பெய்யும் நாளில் தேடுங்கள் என்போம். குமரி மாவட்டத்துக்கு ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழைக்காலம். ஏப்ரல் வெயிலில் எல்லா வீடும் நல்ல வீடுதான்.

புரோக்கர் இல்லாம வீடு கிடைக்குமா?

கிடைக்கும். பிடித்த தெருவில் மாலையில் ஒரு நடை நடந்து, பெட்டிக்கடையிலும் தேய்ப்புக்கடையிலும் கேளுங்கள். பல வீடுகளில் கேட்டில் ஓர் அட்டை தொங்குவதோடு சரி, இணையத்துக்கு வருவதே இல்லை. புரோக்கர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகை கமிஷன் என்பது பொதுவான பேச்சு. வீடு காட்டுவதற்கு முன்னால் பணம் கொடுக்காதீர்கள். அக்ரிமெண்டில் கையெழுத்தான பிறகு கொடுத்தால் போதும்.

வீடு பாக்கப் போகும்போது என்னென்ன பாக்கணும்?

முதலில் மேலே பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த சீலிங்கில் கறை தெரியாது. செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்வாக அடித்தால் பெயின்ட்டுக்கு அடியில் உப்பிய இடமும் பொருக்கு விட்ட இடமும் நிழலாகத் தெரியும். அங்கே புறங்கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் சில்லென்று இருக்கும். ஒழுகல் பெரும்பாலும் மூன்று இடங்களில்தான்: மாடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, சன்ஷேடு சுவரில் சேரும் கோடு, மாடிக் குளியலறைக்கு நேர் கீழே. மொட்டை மாடிக்கு ஏறிப் போய்த் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கை சருகு போதும், மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி நிற்க.

ஓட்டு வீடு என்றால் கவலை வேறு. ஓடு நகர்ந்தால் ஆள் ஏறி ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். ஆனால் ஓட்டைத் தாங்கும் மரச்சட்டமான கழிக்கோலில் கரையான் ஏறியிருந்தால் அது பெரிய வேலை. சுவரோரம் மண் கோடு மாதிரி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தட்டினால் உதிரும், உள்ளே வெள்ளையாக ஊரும்.

சுவரலமாரியைத் திறந்து மோந்து பாருங்கள். பூசண வாடை வந்தால் அந்தச் சுவருக்குப் பின்னால் குளியலறையோ மண்மேடோ இருக்கும். அந்த அலமாரியில் ஜூலையில் வைத்த பட்டுப்புடவையும் தோல் செருப்பும் ஆகஸ்டில் வெள்ளை பூத்திருக்கும். கடைசியாக ஜன்னல்: கொக்கி இல்லாத ஜன்னல் இந்த ஊரில் நிலைக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகளே இருக்கின்றன.

தண்ணி எப்படி? எல்லா வீட்லயும் பைப் வருமா?

மாநகராட்சிக் குடிநீர் முக்கடல் அணையிலிருந்து வருகிறது. தெருவுக்குத் தெரு முறை வைத்து விடுவார்கள். “தண்ணி வருமா?” என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் “வரும்” என்பார், அதுவும் பொய்யில்லை. பக்கத்து வீட்டில் வேறு மாதிரி கேளுங்கள்: “கடைசியா எப்ப வந்தது? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்?” இந்த மூன்றுக்கும் வரும் பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். விடிகாலையில் வரும் தண்ணீர் தொட்டியில் தானாக விழுமா, எழுந்து மோட்டார் போட வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மற்ற உபயோகத்துக்குக் கிணறு அல்லது போர். போர்த் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். பிடிக்கும்போது தெளிவாக இருந்து, காலையில் மஞ்சளாகி அடியில் துருப்பொடி படிந்திருந்தால் இரும்புச் சத்து அதிகம். கரைந்திருக்கும் இரும்பு, காற்று பட்டதும் துருவாகிப் பிரிவதால் அப்படி. வெள்ளைத் துணி பழுக்கும், கழிப்பறைப் பீங்கானில் கோடு விழும். சோப்பு நுரைக்காவிட்டால் கடினத்தண்ணீர். வாஷிங் மெஷினும் ஹீட்டரும் சீக்கிரம் போகும். குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி எனக் கடலோரமாக எடுப்பவர்கள் உப்பு இருக்கிறதா என்று வாயில் ஊற்றியே பார்த்துவிடுங்கள். அங்கே ஏசியின் வெளி யூனிட்டும் வண்டிச் செயினும் உப்புக்காற்றில் துருப்பிடிப்பதும் செலவுக் கணக்கில் வரும்.

கிணறு இருந்தால் ஏப்ரல் மாதத்துத் தண்ணீர் மட்டத்தைக் கேளுங்கள். நவம்பரில் கிணறு நிரம்பியிருப்பதில் ஆச்சரியம் இல்லை. கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் ஐம்பது அடியாவது இடைவெளி வேண்டும். சிறிய மனைகளில் அது பக்கத்து வீட்டு டேங்காகவும் இருக்கலாம், மதிலுக்கு மேலே எட்டிப் பாருங்கள். மாடியில் இருக்கும் தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை குடும்பத்துக்கு என்றும் கேளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டக் கணக்கு. நாலு பேருக்கு 540 லிட்டர். 1000 லிட்டர் தொட்டியை இரண்டு குடும்பம் பகிர்ந்தால் ஒருநாள் கரண்ட் போனாலே தட்டுப்பாடுதான்.

அட்வான்ஸ் எவ்ளோ குடுக்கலாம்?

தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அது. வாடகை 9,000 ரூபாய் என்றால் 27,000 ரூபாய். “வேறு மாதிரி ஒப்பந்தம்” என்ற வார்த்தையில்தான் வழி திறந்திருக்கிறது. அதிகம் கேட்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பாருங்கள். எவ்வளவு கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள், அக்ரிமெண்டில் அந்தத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள்.

அக்ரிமெண்ட் 11 மாசம்தானே போடணும்? பதியணுமா?

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாத வழக்கம் வந்தது. ஆனால் மேலே சொன்ன சட்டப்படி, எத்தனை மாதத்துக்குப் போட்டாலும் அக்ரிமெண்ட் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பலர் இதைச் செய்வதில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் இருப்பதே வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாக அந்தச் சட்டத்தில் இருக்கிறது என்பது பல வாடகைதாரர்களுக்குத் தெரியாது. வாய்ப்பேச்சில் குடியிருப்பதால் நஷ்டம் வீட்டுக்காரரைவிட உங்களுக்கே அதிகம்.

பத்திர எழுத்தர் வைத்திருக்கும் அச்சு மாதிரியில் பெயரும் தொகையும் மட்டும் மாறும். அதில் இல்லாத சிலவற்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: குடியேறும் நாளின் கரண்ட் மீட்டர் ரீடிங், கிணறும் மோட்டாரும் யார் யாருக்கு, மோட்டார் கரண்ட் எந்த மீட்டரில் ஓடுகிறது, காலி செய்யும்போது பெயின்ட் யார் செலவு, எத்தனை மாத நோட்டீஸ், மரங்களின் காய் யாருக்கு. கடைசி விஷயத்தைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், பின்னால் வருகிறது.

ஒத்திக்கு வீடு எடுக்கிறது லாபமா?

ஒத்தி என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலம் முடிந்ததும் தொகை அப்படியே திரும்ப வரும். கணக்கு எளிது. 5 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டிருந்தால் வருடம் 35,000, அதாவது மாதம் 2,900 ரூபாய் சொச்சம் வரும். அதே மாதிரி வீட்டின் வாடகை 7,000 என்றால் ஒத்தியில் உங்களுக்கு மாதம் 4,000 ரூபாய்போல மிச்சம்.

ஆபத்து நீங்கள் கொடுக்கும் அசல் தொகைக்குத்தான். பணம் தேவைப்படுகிறவர்தான் ஒத்திக்கு விடுகிறார். அதே வீட்டின் மேல் வங்கிக் கடனும் இருந்து, அவர் தவணை கட்டாமல் விட்டால் வங்கிதான் முன்னால் நிற்கும். கையெழுத்துக்கு முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கும். ஒத்திப் பத்திரத்தை இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத் தாளில் எழுதி வைத்தால் அது அடமானமாக நிற்காது. பதிவுச் செலவை மிச்சம் பிடித்து 5 லட்சத்தைக் காற்றில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கரண்ட் பில் யூனிட்டுக்கு இவ்ளோன்னு ஓனர் வாங்குறார். சரியா?

உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தால் அந்த இணைப்பு எண்ணை வாங்கி நீங்களே இணையத்தில் கட்டுங்கள்; முந்தைய பாக்கி இருக்கிறதா என்றும் அதிலேயே தெரியும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். நடுவில் குடியேறினால் முதல் பில்லில் பழைய ஆள் ஓட்டியதும் சேர்ந்துவரும். அக்ரிமெண்டில் ரீடிங் எழுதச் சொன்னது அதற்காகத்தான்.

ஒரே இணைப்பில் சப் மீட்டர் வைத்துப் பிரித்தால் கணக்கு மாறும். இலவச 100 யூனிட் இணைப்புக்கு ஒருமுறைதான். இரண்டு குடும்பம் ஆளுக்கு 280 யூனிட் ஓட்டினால் மொத்தம் 560. 500 ஐத் தாண்டினால் இடைப்பட்ட யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடும். ஆகவே ஓனர் கேட்கும் விலை முழுக்க அவர் ஆசை என்று சொல்ல முடியாது. பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் விலையைக் கொடுப்பது இரு பக்கமும் நியாயம்.

பைப் உடைஞ்சா, ஒழுகுனா யார் செலவு?

சட்டத்தின் அட்டவணையே இதைப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றுதல், வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. டேப், வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. கூரை ஒழுகல் கட்டடப் பழுதில் வரும். ஒழுகும்போதே வீடியோ எடுத்து வாட்ஸப்பில் தேதியோடு அனுப்பிவிடுங்கள். வெயில் வந்தபின் சொன்னால் “எங்கே ஒழுகுது?” என்று அவரும் நியாயமாகவே கேட்பார். அவர் பார்க்க வர 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு.

“நீங்க எந்த ஆளு?”ன்னு கேக்குறாங்க. என்ன சொல்றது?

கேட்பார்கள். சாதியைக் கேட்பார்கள், கோயிலா சர்ச்சா பள்ளிவாசலா என்று கேட்பார்கள், மீன் சமைப்பீர்களா என்று கேட்பார்கள். கடலோர மாவட்டத்தில் கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்று பதில் எதிர்பார்ப்பவர்கள் குறைவு, இருந்தாலும் சில தெருக்களில் உண்டு. பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. “இந்த ஆபீஸ்ல வேலை, இத்தனை பேர், வாடகை அஞ்சாம் தேதிக்குள்ள வந்துரும்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். சமையலைப் பற்றி மட்டும் மறைக்காதீர்கள். குடியேறின பிறகு தினமும் அதைப் பற்றியே பேச்சு வந்தால் வீட்டில் நிம்மதி இருக்காது.

தனியாக இருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வீடு கிடைப்பது கஷ்டம்தான். அலுவலக அடையாள அட்டையும், உள்ளூர்க்காரர் ஒருவரின் அறிமுகமும் எந்தப் பத்திரத்தையும்விட இங்கே வேலை செய்யும்.

கேஸ், ரேஷன், வோட்டர் ஐடி எல்லாம் எப்படி மாத்துறது?

வெளியூரிலிருந்து வருபவர்கள் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கி வர வேண்டும். இணைப்பு எடுத்தபோது கொடுத்த சீட்டைத் தேடி வையுங்கள், டெபாசிட் அதில்தான் இருக்கிறது. ரேஷன் அட்டை முகவரியை உணவுப்பொருள் வழங்கல் துறை இணையதளத்தில் மாற்றலாம். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. முகவரிச் சான்றாக வாடகை அக்ரிமெண்டைக் காட்ட வேண்டிவரும் என்பதால் முதலில் அதை முடியுங்கள்.

கேரளப் பதிவு வண்டியோடு வருபவர்கள் 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்ற வேண்டும். பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று வாங்குவதிலிருந்து அது தொடங்கும்.

இன்வர்ட்டர் வேணுமா?

வாங்கிவிடுங்கள். காற்றில் தென்னை மட்டை லைனில் விழுவது இங்கே சாதாரணம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது மரங்களும் கம்பங்களும் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்போது கிணற்றில் வாளியும் கயிறும் இருந்த வீடு பிழைத்தது. மோட்டார் போட்டுவிட்டோம் என்று கப்பியைக் கழற்றிய வீடுகள்தான் தவித்தன.

முற்றத்துல உள்ள தேங்கா யாருக்கு?

இந்தக் கேள்விக்குச் சண்டை போட்ட வீடுகள் குறைவில்லை. எழுதாதவரை மரமும் காயும் வீட்டுக்காரருடையவை என்றே இங்கே வழக்கம். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறையோ, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ ஆளைக் கூட்டிவந்து வெட்டிப் போவார். நாலைந்து காய் உங்களுக்கு வைப்பது அவர் மனசு. தானாக விழுந்ததை எடுத்துக் குழம்பு வைப்பதை யாரும் கேட்பதில்லை.

காயைவிட முக்கியம் அது விழும் இடம். காரை மரத்தடியில் நிறுத்தும்படி அமைந்த வீடு என்றால், முற்றின காயையும் காய்ந்த மட்டையையும் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை இறக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். வெட்டாமல் விட்டு கண்ணாடி உடைந்தால் பொறுப்பு யாருக்கு என்பதையும் அதே வரியில் சேருங்கள்.

ஓனர் கல்ஃப்ல இருக்கார். மச்சான் வந்து வாடகை வாங்குறார். பிரச்சினை உண்டா?

இரண்டு உண்டு. கையெழுத்துப் போடும் மச்சானுக்கு அதிகாரப் பத்திரம் இருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். இல்லையென்றால் நீங்கள் அட்வான்ஸ் கொடுத்தது மச்சானுக்குத்தான், ஓனருக்கு அல்ல.

இரண்டாவது வரி. வருமான வரிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியருக்கு வாடகை கொடுப்பவர் அதிலிருந்து 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். குறைந்தபட்ச வரம்பு எதுவும் இல்லை. 15,000 ரூபாய் வாடகையில் 4,680 வரி, ஓனருக்கு 10,320. பிடிக்காமல் விட்டால் வட்டியும் அபராதமும் உங்கள் தலையில். மாதச் சம்பளக்காரர் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) வரிக்கழிவு கேட்கும்போதுதான் இது வெளியே வரும். வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண்ணைக் கொடுத்தாக வேண்டும். பேச்சின் தொடக்கத்திலேயே ஓனர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

நடுவுல காலி பண்ணச் சொன்னா? தண்ணிய நிப்பாட்டுனா?

அக்ரிமெண்ட் காலம் முடியாமல் வெறும் வாய்ப்பேச்சால் வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விடுதல், வீட்டுக்காரரின் சொந்தத் தேவை போன்ற சட்டம் சொல்லும் காரணங்களோடு வாடகை நீதிமன்றத்துக்குத்தான் அவர் போக வேண்டும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது சட்டப்படி தவறு, வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். அப்போது கையில் அக்ரிமெண்டும் வாடகை கொடுத்த வங்கிக் கணக்கு விவரமும் இருக்க வேண்டும். வாடகை உயர்வும் அக்ரிமெண்டில் எழுதியபடிதான்.

காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல பெயின்ட்டுக்குன்னு பிடிக்கிறாங்களே?

மேலே சொன்ன அட்டவணைப்படி வெள்ளையடிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் “ஒரு கோட் பெயின்ட் செலவு வாடகைதாரருடையது” என்று நீங்களே கையெழுத்திட்டிருந்தால் அதுதான் நிற்கும். ஆணியடித்த துளை, சுவரில் பிள்ளை வரைந்த படம், உடைந்த வாஷ்பேசின் இவற்றுக்குப் பிடிப்பது நியாயம். மழையில் பூத்த சுவருக்குப் பிடிப்பது நியாயமில்லை. குடியேறிய அன்று எடுத்த படங்கள் அங்கேதான் உதவும். ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலைகளையும் சீலிங்கையும் எடுத்து, அன்றே ஓனருக்கும் அனுப்பியிருக்க வேண்டும்.

பிடித்தது போக மீதியை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் மீட்டரைப் படமெடுங்கள், பில் வரும்வரை அதற்கென ஒரு தொகையை மட்டும் அவரிடம் விட்டுவையுங்கள். சாவி வாங்கியதாக வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு மாதம் எண்ணத் தொடங்குவது அன்றைக்குத்தான்.